பாஸ்போரஸ் நீரிணையின் நீரோட்டத்தைத் தொட்டியில் காட்ட உதவி வேண்டும்

வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் நானும் பாஸ்போரஸ் நீரிணையின் மாதிரி ஒன்று செய்கிறோம்.

இஸ்தான்புல்லில் உள்ள அந்தக் குறுகிய நீரிணையில் மேல்நீர் கருங்கடலிலிருந்து தெற்கே மர்மரா கடலுக்குப் போகிறது. அடியிலோ உப்பு மிகுந்த கனமான நீர் வடக்கே ஓடுகிறது. டான்யூப் போன்ற ஆறுகள் வந்து கலப்பதால் கருங்கடலின் மேல்நீரில் லிட்டருக்குச் சுமார் 18 கிராம் உப்புதான். அடிநீர் வருகிற மத்தியதரைக் கடலிலோ ஏறத்தாழ 38. அங்குள்ள மீனவர்களுக்கு அடிநீரோட்டம் முன்பே தெரியும். இத்தாலிய அறிவியலாளரான மார்சிலி, வெள்ளை பூசிய தக்கைகளைக் கட்டிய கயிற்றை இறக்கி அதைக் கண்ணால் பார்த்தார். பிறகு நடுவில் தடுப்பு வைத்த தொட்டியில் இரு வகை நீரையும் ஊற்றி, தடுப்பின் மேலும் கீழும் துளை திறந்து காரணத்தையும் காட்டினார். 1681-இல் அதை நூலாக வெளியிட்டார். எவ்வளவு அழகான சோதனை!

அதைத்தான் செய்ய நினைக்கிறோம். ஆனால் கண்ணாடித் தொட்டியில் அக்ரிலிக் தடுப்பின் ஓரம் கசிகிறது. சிலிக்கான் பசை போதுமா, ரப்பர் பட்டையும் வேண்டுமா? துளைகளை நீர் கலங்காமல் ஒரே நேரத்தில் திறப்பது எப்படி? அப்புறம், சாயம். கேசரிப் பவுடர் சரிவருமா, இல்லை வேறு நல்லதா? உப்பு வேறுபாட்டைக் கூட்டாமல் உண்மையான அளவிலேயே வைக்க எனக்கு ஆசை. ஓட்டம் கண்ணுக்குத் தெரியுமா?

கண்காட்சி அடுத்த மாதம். செய்து பார்த்தவர்கள் தொட்டி அளவையும் படத்தையும் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.