லியோ சிலார்டை நான் அறிந்துகொண்ட விதம்

புடாபெஸ்டில் 1898-இல் பிறந்து, பெர்லின், இலண்டன் வழியாக 1938-இல் அமெரிக்காவில் குடியேறிய இயற்பியலாளர் லியோ சிலார்டை நான் அறிந்துகொண்டது ஓர் இரவில் நான் செய்த தவற்றினால்தான். நொதித்தல் ஆய்வகத்தில் மாணவனாக இருந்தபோது, கெமோஸ்டாட் என்னும் தொடர் வளர்ப்புக் கலத்தைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒருபுறம் ஊட்டக் கரைசல் சீராக உள்ளே வரும். அதே அளவு திரவம் பாக்டீரியாக்களையும் அள்ளிக்கொண்டு மறுபுறம் வெளியேறும். கரைசலை விடும் வேகத்துக்கு ஏற்பப் பாக்டீரியாக்கள் பெருகும் வேகமும் தானே நிலைபெறும். நான் பம்பைச் சற்று வேகமாக வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். விடியும்போது கலங்கலே இல்லை. பெருகுவதைவிட விரைவாக எல்லாம் அடித்துச் செல்லப்பட்டிருந்தன.

கணக்கில் எங்கே பிசகினேன் என்று தேடியபோது 1950-இல் வெளிவந்த மூலக் கட்டுரை கையில் கிடைத்தது. எழுதியவர்கள் ஆரோன் நோவிக், லியோ சிலார்ட். இரண்டாவது பெயர், அணுகுண்டு பற்றி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு ஐன்ஸ்டைன் கையெழுத்திட்டு அனுப்பிய 1939-ஆம் ஆண்டுக் கடிதத்தை வரைந்தவரின் பெயர் என்பது நினைவுக்கு வந்தாலும், இவர் வேறு யாரோ என்றே எண்ணிக்கொண்டேன். அவரேதான் என்று தெரிந்த பிறகு கெமோஸ்டாட்டை ஓரமாக வைத்துவிட்டு அவரைப் படிக்கத் தொடங்கினேன். (ஆய்வு பின்தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.)

பெர்லினில், குளிர்பதனப் பெட்டியிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்து, அசையும் பாகங்களே இல்லாத குளிர்பதனப் பெட்டியை ஐன்ஸ்டைனுடன் சேர்ந்து வடிவமைத்தவர் அவர். இட்லர் ஆட்சிக்கு வந்ததும் இரண்டு பெட்டிகளைக் கட்டித் தயாராக வைத்திருந்து, 1933 மார்ச் இறுதியில் ஏறக்குறைய காலியாக இருந்த ரயிலில் வியன்னாவுக்குப் போய்விட்டார். மறுநாள் அதே ரயிலில் கூட்டம் நெரிந்தது, எல்லையில் பலர் நிறுத்தப்பட்டார்கள். அதன் பிறகும் பல ஆண்டுகள் அவர் விடுதி அறைகளிலேயே வாழ்ந்தார்.

சில ஆண்டுகளுக்குப் பின் இலண்டன் சென்றபோது, ரஸ்ஸல் சதுக்கத்தை ஒட்டிய சவுத்தாம்ப்டன் ரோ சாலையில் வேண்டுமென்றே நின்றேன். 1933 செப்டம்பரில், அணுவிலிருந்து ஆற்றலை எடுப்பது வெறும் பிதற்றல் என்று அணு இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு பேசியதைச் செய்தித்தாளில் படித்து எரிச்சலுற்ற சிலார்டுக்கு, அந்தப் பகுதியில் நடந்துகொண்டிருந்தபோதுதான் தொடர்வினை என்னும் எண்ணம் உதித்தது. ஒரு நியூட்ரானை விழுங்கி இரண்டை வெளிவிடும் தனிமம் ஒன்று கிடைத்தால் போதும், வினை தானாகவே பெருகிக்கொண்டு போகும். பச்சை விளக்கு எரிந்தும் நான் சாலையைக் கடக்காமல் நின்றதால், பின்னால் வந்தவர் முகம் சுளித்தார்.

அங்கே நின்றபோதுதான் ஒன்று புரிந்தது. அவர் துறைவிட்டுத் துறை தாவியவர் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நியூட்ரான் பெருகுவதும் பாக்டீரியா பெருகுவதும் அவருக்கு ஒரே கேள்விதான்: தானாகப் பெருகும் ஒன்றை எந்தக் கட்டுப்பாட்டில் நிலைநிறுத்துவது? குண்டு விஷயத்தில் அந்தக் கட்டுப்பாடு அவர் கையில் இல்லை. 1945 ஜூலையில் சக விஞ்ஞானிகளின் கையொப்பங்களைத் திரட்டி அவர் எழுதிய மனு, குண்டு வீசப்படுவதற்குமுன் அப்போதைய அமெரிக்க அதிபர் ட்ரூமனைச் சென்றடையவில்லை.

1960-இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தபோது தனக்கான கதிர்வீச்சுச் சிகிச்சையைத் தானே திட்டமிட்டு, பிழைத்தும் கொண்டார். அதே ஆண்டு நியூயார்க்கில் சோவியத் தலைவர் குருசேவைச் சந்தித்து, ஒரு சவரக் கருவியைப் பரிசளித்து, போர் இல்லாதவரை பிளேடுகளை அனுப்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். போர் வந்தால் தாம் சவரம் செய்வதையே நிறுத்திவிடுவதாகக் குருசேவ் பதிலளித்தார்.