ஆர்ட்டி ஷா: எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது? கிளாரினெட்டில் ஜாருவை எப்படி வாசிப்பது?

கேள்வி:
ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் 1938 கார்னெகி ஹால் கச்சேரியை முழுக்கக் கேட்டாகிவிட்டது. அடுத்து அதே காலத்து இன்னொரு கிளாரினெட் கலைஞரும் பேண்ட் தலைவருமான ஆர்ட்டி ஷா. தொகுப்புகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. ஒரே பாட்டு பல தேதிகளில் வருகிறது. எந்த வரிசையில் கேட்கலாம்? இன்னொன்று, பி ஃபிளாட் கிளாரினெட்டில் மேலே ஜாருவாக, அதாவது சுரத்துக்குச் சுரம் இடைவெளியில்லாமல் வழுக்கி, ஏறும்போது சுரங்கள் படிப்படியாக உடைகின்றன, சில சமயம் கீச்சிடுகிறது. எங்கே பிழை?

பதில் 1:
தேதியைப் பார்த்து எடுங்கள். முதலில் 24 ஜூலை 1938, 'பிகின் தி பிகீன்'. அந்தக் காலப் பாட்டுகள் பெரும்பாலும் 32 பார் (தாள அளவு) நீளம். கோல் போர்ட்டரின் இந்தப் பாட்டு 108 பார். ஷாவுக்கு இசையமைப்பைத் தொகுத்துக் கொடுத்த ஜெர்ரி கிரே அதைச் சில நிமிடமே ஓடும் 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்துக்குள் எப்படி அடக்கினார் என்று கவனியுங்கள். பாடகி பில்லி ஹாலிடே ஷாவின் பேண்டோடு பாடிய 'எனி ஓல்ட் டைம்' பதிவானதும் அதே நாளில்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது.

பிறகு 1939 வானொலி ஒலிபரப்புகள். டிரம்ஸில் பட்டி ரிச். ஸ்டூடியோவில் இல்லாத வேகமும் முரட்டுத்தனமும் அவற்றில் உண்டு. அந்த நவம்பரில் ஷா பேண்டை அப்படியே விட்டுவிட்டு மெக்சிகோ போய்விட்டார். திரும்பி வந்து 1940 மார்ச்சில் வயலின்களைச் சேர்த்துப் பதிவு செய்தது 'ஃபிரெனேசி'. அதே ஆண்டின் 'ஸ்டார்டஸ்ட்'டைத் தவறவிடவே கூடாது. பில்லி பட்டர்ஃபீல்டின் டிரம்பெட்டில் தொடங்கும். பின்னால் வரும் ஷாவின் 16 பார் தனி வாசிப்பில் ஒரு சுரமும் வீண் இல்லை.

பதில் 2:
ஷாவின் சிறு குழுவான கிராமர்சி ஃபைவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் ஐந்து, 1940 குழுவில் ஆறு பேர். ஜானி கார்னியேரி பியானோவுக்குப் பதில், கம்பிகளை மீட்டி ஒலிக்கும் பழைய விசைக்கருவியான ஹார்ப்சிகார்ட் வாசிப்பார். அதன் ஒலி சட்டென்று அடங்கிவிடுவதால் கிளாரினெட்டின் நீண்ட இழுப்புகள் தெளிவாக நிற்கின்றன. ஷா 1954-இல் வாசிப்பதை நிறுத்தும் முன், ஹேங்க் ஜோன்ஸ் (பியானோ), டால் ஃபார்லோ (கிட்டார்) போன்றவர்களோடு செய்த கடைசிப் பதிவுகளும் உண்டு. என் கணக்கில் அவருடைய உச்சம் அதுதான், பெரிய பேண்ட் அல்ல.

பதில் 3:
ஜாருவுக்கு வருகிறேன். சுரம் படியாக உடைவது விரலால். விரலை மேலே தூக்கினால் துளை ஒரேயடியாகத் திறந்துவிடும். பக்கவாட்டில் நகர்த்தித் துளையை மெல்லத் திறக்க வேண்டும். விரலே துளையை மூடும் கருவியில்தான் இது நடக்கும். துளைகளுக்கு மூடி வைத்த கருவியில் நடக்காது.

ஆனால் விரல் பாதி வேலைதான், மீதி வாய்க்குள். ரெஜிஸ்டர் சாவியை (மேல் ஸ்தாயிக்குத் தாவ உதவும் சாவி) அழுத்தி வரும் உயர்ந்த 'சி'யைப் பிடித்து, விரலை அசைக்காமல், நாக்கின் பின்பகுதியையும் தொண்டையையும் மாற்றி அரைச் சுரம் கீழே இறக்குங்கள். அது நிலைத்தபின் ஒரு முழுச் சுரம். அங்கே சுருதியைக் கீழே வளைப்பது எளிது, மேலே வளைப்பது கடினம். ஆகவே விரல்கள் திறக்கத் திறக்க, தொண்டையால் சுருதியைத் தாழ்த்திப் பிடித்து மெதுவாக விடுவதுதான் ஜாரு. கீழ் ஸ்தாயி இந்த அளவு வளையாது. அதனால் கீழேயிருந்து வேகமான குரோமாட்டிக் (அரைச் சுரம் அரைச் சுரமான) ஓட்டமாக வந்து, பிரேக்கை (கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் சேரும் இடம்) தாண்டியபின் வழுக்கத் தொடங்குங்கள்.

கீச்சு வருவது பெரும்பாலும் கடிப்பதால். தாடை இறுகினால் ரீட் (ஒலியை எழுப்பும் நாணல் பட்டை) அதிர இடமில்லை. ரீட் மிக மென்மையாக இருந்தால் உச்சத்தில் அடைத்துக்கொள்ளும். மிகக் கெட்டியானால் காற்றொலி வரும், சுருதி வளையாது. நடுத்தரத் திறப்புள்ள மவுத்பீஸில் (வாயில் வைக்கும் பகுதி) 2½ அல்லது 3 கெட்டி எண் கொண்ட ரீட் போட்டுப் பாருங்கள். மேலே போகப் போகக் காற்றைக் குறைக்காதீர்கள். இதெல்லாம் கைக்கு வந்தபின் 1940 டிசம்பரில் பதிவான ஷாவின் 'கான்செர்ட்டோ ஃபார் கிளாரினெட்'டின் முடிவைப் பாதி வேகத்தில் எடுங்கள்.