கலைச்சொல் வேண்டும்: கியர் கேபிளுக்கும் அதன் மேலுறைக்கும்

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். மலைப்பாதை மிதிவண்டிகளைப் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கோவையில் நடக்கும் ஒரு தொழிற்பயிற்சி வகுப்புக்கானது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கியர் கேபிள் மாற்றும் அத்தியாயத்தில் வந்து நிற்கிறேன். உள்ளே ஓடும் 1.2 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பிக்கு ஒரு சொல், அது ஓடுகிற குழாய்க்கு ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு ‘இழுக்கம்பி’, ‘புறக்குழல்’ என்று எழுதியிருக்கிறேன். குழாயின் முனையில் மாட்டும் சிறு மூடிக்குப் ‘பூண்’. உலக்கைக்கும் கைத்தடிக்கும் இருக்கிற சொல்தான், அதில் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நம்புகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பூணுக்கு மறுப்பில்லை. இழுக்கம்பிக்கு உண்டு. அது வினைத்தொகை, வல்லினம் மிகாது. சுடுகாடு, ஊறுகாய் போல ‘இழுகம்பி’ என்றே வரும். நீங்கள் எழுதியபடி பிரித்தால் இழுக்கு + அம்பி. அம்பி என்பது படகு. இழுக்கல் என்பது வழுக்கு நிலம், வள்ளுவர் ஊற்றுக்கோலைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருவது. ஆக, சேற்றில் போகும் படகு! மலையில் ஓடும் வண்டிக்கு ஓரளவு பொருந்துகிறது என்றாலும் ஏற்பதற்கில்லை.

கம்பி என்பதும் தவறு. கம்பி ஒற்றை, இது பல புரிகளை முறுக்கியது. என் பரிந்துரை ‘நரம்பு’. உடலுக்குள் இருப்பதை மட்டுமே இன்று நினைக்கிறோம். தொல்காப்பியர் ‘நரம்பின் மறை’ என்றது யாழ் பற்றிய இசைநூலை. இழுவிசை கூடினாலும் குறைந்தாலும் பிசகுவது யாழ் நரம்பும் கியர் கேபிளும் ஒன்றுபோலத்தான். யாழை இசைகூட்டுவதற்குப் ‘பண்ணல்’ என்று பெயர். யாழ் வாசிப்பவர் செய்யும் எண்வகைக் கரணங்களில் முதலாவது. கைப்பிடியருகே இருக்கும் திருகைச் சுழற்றிக் கியரைச் சரிசெய்வதையும் பண்ணல் என்றே சொல்லலாம்.

குன்னூர்ப் பட்டறைக்காரர்:

ஐயா, பண்ணல் வேண்டாம். பையன்கள் “என்ன பண்ண வேண்டும்?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

பட்டறையில் நாங்கள் சொல்வது இன்னர், அவுட்டர். எந்தச் சொல் வைத்தாலும் வேலையை அறிந்து வையுங்கள். ‘எளிதில் மாற்றலாம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முதலில் பின்பக்கத்தின் மிகச் சிறிய பற்சக்கரத்துக்குக் கியரை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கேபிளின் தலை, கைப்பிடி விசையின் துளைக்கு நேராக வராது. பல வண்டிகளில் அந்தத் தலை விசைக்குள்ளேயே அறுந்து கிடக்கும். பிய்ந்த இழைகள் நகக்கண்ணில் ஏறும். சாதாரண கட்டிங் பிளேயரால் புதுக் கேபிளை வெட்டினால் முனை துடைப்பம்போல் விரிந்துகொள்ளும், அதன்பிறகு எதற்குள்ளும் நுழையாது. அவுட்டரை வெட்டினால் வாய் நசுங்கும். கோணி ஊசியால் குத்தித் திறக்க வேண்டும். சட்டத்துக்குள்ளேயே கேபிள் ஓடும் புது வண்டிகளைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை. பழையதை உருவும் முன் அதன்மேல் மெல்லிய குழலொன்றைச் செலுத்திவைக்க மறந்தவன், காந்தத்தை வைத்துக்கொண்டு சட்டத்தைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சொல்லில் ஒன்று மட்டும் முக்கியம். பிரேக் அவுட்டர் வேறு, கியர் அவுட்டர் வேறு. பிரேக்கினுடையது பட்டைக் கம்பியைச் சுருளாகச் சுற்றியது, பெரும்பாலும் 5 மில்லிமீட்டர். கியரினுடையது 4, கம்பிகள் நீளவாக்கில் ஓடும். 1984இல் ஷிமானோ சொடுக்குக் கியரைக் கொண்டுவந்த பிறகு, ஒவ்வொரு சொடுக்குக்கும் கேபிள் குறித்த அளவே நகர வேண்டும் என்றாகிவிட்டது. சுருள் அவுட்டரைக் கியருக்குப் போட்டால் அமுங்கிக் கொடுக்கும், கியர் விழாது, அவ்வளவுதான். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டாலோ, அழுத்திப் பிடிக்கும்போது கம்பிகள் பிளந்துகொண்டு வெளியே வரலாம். கோத்தகிரி இறக்கத்தில் அது நடக்கக் கூடாது. இரண்டையும் ‘புறக்குழல்’ என்று ஒரே சொல்லில் அடைக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்து வாசகர்:

இங்கே அரசாங்கத் தாள்களில் துவிச்சக்கர வண்டி, வீட்டில் சைக்கிள். இரண்டையும் வைத்துக்கொண்டு வாழ்ந்துதான் வருகிறோம். உள்ளே ஓடுவதற்கு ‘வடம்’ போதாதா? மின்வடம் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

தமிழாசிரியர்:

திருவாரூர்த் தேரை இழுப்பது வடம். மில்லிமீட்டர்க் கணக்கில் பேசும் பொருளுக்கு அந்தச் சொல்லா? வடசொல் என்ற ஐயமும் அதன்மேல் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து வாசகர்:

முத்துவடத்தைக் கழுத்தில்தானே அணிகிறார்கள், ஐயா? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி வில்லின் நாணையும் வடம் என்கிறது. பர்ரோவும் எமனோவும் தங்கள் திராவிட வேர்ச்சொல் அகராதியில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஐயம் தீர வேறென்ன வேண்டும்?

சிங்கப்பூர் வாசகி:

கேபிளைக் கேபிள் என்றே எழுதினால் தமிழுக்கு என்ன குறைந்துவிடும்? 1896இல் பவுடன் என்பவர் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றதால் பல மொழிகள் இதை அவர் பெயராலேயே அழைக்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் ‘டிரெய்லர்’ என்ற கருவி. பிரெஞ்சுப் பெயரின் பொருள் தண்டவாளத்தைவிட்டு இறக்குவது. ‘தடம்புரட்டி’ என்று வைக்கலாமா?

பட்டறைக்காரர்:

தடம் புரண்டது என்றால் நாளிதழில் உயிர்ச்சேதம் எத்தனை என்றுதான் தேடுவோம். ‘பல்மாற்றி’ என்றும் ஒருவர் எனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறார். அது பல் மருத்துவர்.

தமிழாசிரியர்:

சக்கரத்துக்கே ‘கால்’ என்ற பழஞ்சொல் நம்மிடம் உண்டு. தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த தேர்க்காலை ஔவையார் புறநானூற்றில் அதியமானுக்கு ஒப்பிடுகிறார். ஆகவே ‘கால்மாற்றி’ –

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மன்னிக்கவும், இன்று புதன். பல், தடம், கால் எல்லாம் அடுத்த பதிப்புக்கு. இப்போது: உள்ளே ஓடுவது வடம். மேலே இருப்பது உறை. கியருக்கு ‘நேருறை’, பிரேக்குக்குச் ‘சுருளுறை’. முதல் முறை வரும்போது மட்டும் இன்னர், அவுட்டர் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். மூவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தமிழாசிரியர்:

நரம்புக்கு நான் அளித்த வாக்கு பதிவில் இருக்கட்டும்.

பட்டறைக்காரர்:

நேருறை, சுருளுறை அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அமுங்காத பிரேக் அவுட்டர் என்று இப்போது விற்கிறார்கள். அதிலும் கம்பி நீளவாக்கில்தான் ஓடுகிறது. பிளக்காமல் இருக்க மேலே கெவ்லார் இழையைப்போல் வலுவான ஒன்றைப் பின்னியிருப்பார்கள். நேருறை என்று படித்த பையன் எதை எடுத்து எதற்கு மாட்டுவான்? அமைப்பை விடுங்கள். எந்த வேலைக்கு என்பதை வைத்துப் பெயரிடுங்கள்: கியர் உறை, பிரேக் உறை.

மொழிபெயர்ப்பாளர்:

மாற்றி அனுப்பிவிட்டேன். பக்கம் கட்டிவிட்டதாக அச்சகத்திலிருந்து சொல்கிறார்கள்; ஏற்றுக்கொள்வார்களா என்று நாளைக்குத்தான் தெரியும்.

தமிழாசிரியர்:

அப்படியே விட்டுவிட முடியுமா? கியருக்கும் பிரேக்குக்கும் தமிழ் என்ன என்று நாம் இன்னும் பேசவே இல்லையே.