புதுப்பிப்பு: அமுச்சிக்கு ஊசியா, குழாயா? முடிவு பண்ணியாச்சுங்க

நுரையீரல் புற்றுநோயால அமுச்சிக்கு (அம்மாவோட அம்மா) நெஞ்சுல திரும்பத் திரும்ப நீர் கோத்துக்குது, ஒவ்வொரு தடவையும் ஊசி போட்டு எடுக்கறதா, வீட்லயே நீரை இறக்கற மாதிரி நெஞ்சுல ஒரு குழாய் வச்சுக்கறதான்னு முன்னாடி கேட்டிருந்தேன். குழாய் வச்சாச்சு. இப்ப கோபியில வீட்லதான் இருக்காங்க.

கோயமுத்தூர் டாக்டர் லென்ட் ஸ்கோர்னு ஒண்ணு போட்டுக் காட்டினார். புற்றுநோயால நெஞ்சுல நீர் கோத்தவங்க எவ்வளவு நாள் இருப்பாங்கன்னு கணிக்கற கணக்கு அது, மதிப்பெண் கூடக்கூட ஆயுள் குறைவு. 2014-ல வந்தது. நெஞ்சு நீர்ல எல்டிஹெச்ங்கற நொதி 1500-க்குக் கீழ, அதுக்கு 0. ரத்தத்துல நியூட்ரோபில், லிம்போசைட்னு ரெண்டு வகை வெள்ளை அணுக்களோட விகிதம் 9-க்குக் கீழ, அதுக்கும் 0. குளிக்க, சாப்பிட தானே பாத்துக்கறாங்க, ஆனா வேலை எதுவும் செய்ய முடியல, அதுக்கு 2. நுரையீரல் புற்றுநோய்ங்கறதால 2. மொத்தம் 7-க்கு 4, நடுத்தரம்.

இந்த வகுப்புல நடுமதிப்பு ஆயுள் 130 நாள். கேட்டதும் கை நடுங்கிருச்சுங்க. ஆனா பாதிப்பேர் அதைத் தாண்டி இருந்திருக்காங்கன்னுதான் அதுக்கு அர்த்தம். அமுச்சியோட புற்றுநோய்ல ஈஜிஎஃப்ஆர்ங்கற மரபணுவுல மாற்றம் இருக்கு, அதுக்கான மாத்திரை சாப்பிடறாங்க. அந்த மாதிரி ஆளுங்களுக்கு இந்த ஸ்கோர் ஆயுளைக் குறைச்சே காட்டும்னு டாக்டரே சொன்னார். ஸ்கோர் 5 இல்ல அதுக்கு மேல, ரொம்பத் தளர்ந்தவங்கன்னா ஊசியோட நிறுத்திக்கறதும் உண்டாம்.

ஸ்கோரைவிட, "ஏங்கண்ணு, சும்மா சும்மா கோயமுத்தூருக்கு என்னால அலைய முடியாது"ன்னு அமுச்சி சொன்னதுதான் முடிவு பண்ணுச்சு. அது சரின்னுதான் எனக்கும் படுது.

இப்ப கட்டில்ல சாஞ்சு உக்காருவாங்க, கையைக் கழுவிட்டு பாட்டிலை மாட்டுவேன். இளநீ கலங்குன மாதிரி நீர் இறங்கும். இருமல் வந்தா உடனே நிறுத்திடுவோம். சில பேருக்கு நீர் தானா வத்திப்போய் குழாயைக் கழட்டிடலாமாம்.