தனிப்பயனாக்கமா, தகவமைப்பா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பிபிஎம்என் (BPMN) என்பது ஒரு நிறுவனத்தில் வேலைகள் நடக்கும் முறையைப் படமாக வரைவதற்கான குறிமானம் (notation), அதாவது குறிகளும் அவற்றின் விதிகளும். அதை ஒரு நிறுவனம் தன் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்வதைத் (customization) தமிழில் 'தனிப்பயனாக்கம்' என்றே சொல்லிவிடலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கைப்பேசித் திரையின் பின்னணியை மாற்றுவது தனிப்பயனாக்கம். அது ஒருவருடைய விருப்பத்தோடு முடிந்துவிடும். குறிமானம் அப்படியல்ல, வெளியாள் வந்து பார்த்தாலும் அதே பொருளில் படிக்க வேண்டும்.

இந்தத் தரத்தை வெளியிடும் ஓஎம்ஜி (OMG) அமைப்பு 2011-இல் வெளியிட்ட பிபிஎம்என் 2.0 பதிப்பு இதில் கண்டிப்பாக இருக்கிறது. புதிய குறிகள் சேர்க்கலாம், கூடுதல் பண்புகளை இணைக்கலாம். ஆனால் வரையறுத்த வடிவங்களில் கை வைக்கக் கூடாது. நிகழ்வு வட்டம்தான், பணி முனை மழுங்கிய செவ்வகம்தான். தரப்புகளுக்கிடையே செய்தி போவதைக் காட்டும் செய்தி ஓட்டத்தின் விட்டுவிட்டு வரும் கோட்டை முழுக்கோடாக்கினால், வேலைகளின் வரிசையைக் காட்டும் வரிசை ஓட்டத்தோடு மயங்கும்.

ஒப்புதலையே எடுத்துக்கொள்வோம். 'மேலாளர் ஒப்புதல்' என்று எழுதிச் சாய்சதுரம் வரைவது பழைய ஃப்ளோசார்ட் பழக்கம். பிபிஎம்என்-இல் சாய்சதுரம் எந்த வேலையும் செய்யாது. அதற்கு முன்பே எடுத்த முடிவைப் பார்த்து வழி பிரித்துவிடும், அவ்வளவுதான். ஆகவே ஒப்புதல் ஒரு பணியாக வர வேண்டும், சாய்சதுரம் அதற்கு அடுத்து. ஒப்புதல் பணிகள் பளிச்சென்று தெரிய வேண்டுமா? செவ்வகத்தின் மூலையில் சிறு முத்திரைக் குறி போடலாம். ஒப்புதல் வரம்பு, கெடு போன்றவற்றை படத்தைச் சேமிக்கும் எக்ஸ்எம்எல் (XML) கோப்பில் நீட்சிக் கூறுகளாக (extension elements) வைக்கலாம். அவற்றை அறியாத மென்பொருளிலும் படம் பொதுவாகச் சிக்கலின்றித் திறக்கும்.

அடிப்படையைக் குலைக்காமல் சூழலுக்குப் பொருத்தும் இந்த வேலைக்குத் 'தகவமைப்பு' என்பதே சரி என்பேன். உயிரியல் பாடத்தில் எல்லோரும் படித்த சொல். தகவமைத்தல், தகவமைத்த குறிமானம் என்று இயல்பாகப் புழங்கும். 'தனிப்பயனாக்கப்பட்ட குறிமானம்' வாயில் நுழைவதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

தகவமைப்புக்குள் இரண்டு வேலைகள் உண்டு. சேர்ப்பதற்கு 'நீட்சி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இருக்கும் குறிகளில் சிலவற்றை மட்டும் அனுமதிப்பதும் தகவமைப்பே, நடைமுறையில் அதுதான் பெரும்பகுதி. தரமே விவரிப்பு, பகுப்பாய்வு, இயக்கம் என்ற நோக்கங்களுக்கேற்ப அப்படிச் சில தொகுதிகளைப் பிரித்துத் தருகிறது. இதைக் 'குறைப்பு' என்றால் ஏதோ இழந்ததுபோல் ஒலிக்கிறது. கணிதத்தின் 'உட்கணம்' இங்கே அப்படியே பொருந்தும்.

முழுத் தொடராக 'குறிமானத் தகவமைப்பு' என்று முன்மொழிகிறேன். 'நிறுவனத் தகவமைப்பு' என்றால் நிறுவனமே மாறுவதாகப் பொருள்படும். 'குறிமானம்' கடினம் என்போர் 'குறியீட்டுமுறை' என்று எழுதலாம். வெறும் 'குறியீடு' மட்டும் வேண்டாம், அது ஒற்றைச் சின்னத்தையும் நிரல் வரிகளையும் குறிக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால், ஒரு வாக்கியத்தில் பயன்படுத்திக் காட்டி எழுதுங்கள்.