ஆரஞ்சு சாலட்: ராத்திரி இனிப்பு, மறுநாள் கசப்பு. எங்கே தப்பு?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். குளிர்காலத்தில் ஆரஞ்சும் கிரேப்ஃப்ரூட்டும் நல்ல ருசியாக இருக்கின்றனவே என்று சாலட் செய்ய ஆரம்பித்தேன். மூன்று தடவை செய்தாகிவிட்டது, மூன்று தடவையும் ஒரே கதைதான்.

போட்டது இவ்வளவுதான்: நேவல் ஆரஞ்சு 3, கிரேப்ஃப்ரூட் 1, லெட்டூஸ் இலை, பாதி சிவப்பு வெங்காயம், ஒரு கை மாதுளை முத்து. டிரெஸ்ஸிங்குக்கு அரை கப் ஆரஞ்சுச் சாறு, அரை கப் எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் தேன், உப்பு, மிளகு. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு என்பதால் ராத்திரியே எல்லாவற்றையும் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்.

மதியம் டப்பாவைத் திறந்தால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், இலை ஈரத்துணி மாதிரி கிடக்கிறது, எண்ணெய் மேலே திட்டுத் திட்டாக உறைந்து நிற்கிறது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், கசப்பைத்தான் தாங்க முடியவில்லை. பழம் கெட்டுப்போயிருக்குமா?

பதில் 1
பழத்தின் மேல் பழி போடாதீர்கள். தோலுக்கும் சுளைக்கும் நடுவே பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அதை முழுக்க எடுத்தீர்களா? கையால் உரித்தால் அது ஒட்டிக்கொண்டேதான் வரும். பழத்தின் மேலும் கீழும் ஒரு சீவு சீவி பலகையில் நிமிர்த்தி வைத்து, கத்தியைப் பழத்தின் வளைவோடு மேலிருந்து கீழே இறக்குங்கள். தோலும் வெள்ளையும் ஒன்றாகப் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு சுளையின் இரு பக்கமும் சவ்வை ஒட்டி ஒரு வெட்டு, சுளை தானாகக் கழன்று விழும். முதல் பழம் கந்தல்தான் ஆகும், மூன்றாவதில் கை பழகிவிடும். மிஞ்சிய சவ்வைக் கையால் பிழிந்தால் டிரெஸ்ஸிங்குக்கு வேண்டிய சாறு அதிலேயே கிடைக்கும்.

பதில் 2
டிரெஸ்ஸிங்கை மிக்ஸியில் அடித்தீர்களா? எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் வேகமாக அடித்தால் சில சமயம் கசந்துவிடும். எனக்கு ஒரு ஜாடி முழுக்க அப்படிப் போனது.

கேட்டவர்
இல்லை, மூடி போட்ட ஜாடியில் குலுக்கியதுதான். வெள்ளைத் தோலையும் ஓரளவு எடுத்திருந்தேன். சொல்ல மறந்துவிட்டேன், ராத்திரி கலந்தவுடன் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன், அப்போது கசப்பே இல்லை, கிரேப்ஃப்ரூட்டுக்கு உரிய லேசான கசப்பு மட்டும்தான்.

பதில் 3
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்படியென்றால் மிக்ஸியும் இல்லை, வெள்ளைத் தோலும் பெரிய குற்றவாளி இல்லை, அதெல்லாம் உடனே தெரிந்திருக்கும். எனக்குச் சந்தேகம் நேவல் ஆரஞ்சுச் சாறு மேல்.

நேவல் ஆரஞ்சில் கசக்காத ஒரு பொருள் இருக்கிறது. பழமாக உரித்துத் தின்னும்போது நாக்குக்கு ஒன்றும் தெரியாது. பிழியும்போது சவ்வெல்லாம் உடைந்து அது புளிப்புச் சாறோடு கலக்கிறது, கலந்து சில மணி நேரத்தில் லிமோனின் என்கிற கசப்புப் பொருளாக மாறிவிடுகிறது. பிழிந்த கையோடு தேன் மாதிரி இருக்கும் சாறு மறுநாள் கசப்பது இதனால்தான். ஃப்ரிட்ஜ் இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கிரேப்ஃப்ரூட் கசப்பு வேறு, அதற்குப் பெரும்பாலும் நரிஞ்சின் காரணம், அது முதல் கடியிலேயே தெரியும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு நேவல் ஆரஞ்சைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை இன்று ராத்திரி பிழிந்து மூடி வையுங்கள். மறுபாதியைப் பிழியாமல் சுற்றி வையுங்கள். காலையில் அதையும் பிழிந்து இரண்டையும் ருசி பாருங்கள்.

பதில் 4
கசப்பை அவர் பார்த்துக்கொள்வார், நான் தண்ணீருக்கு வருகிறேன். உப்பு பட்டால் பழமும் இலையும் தண்ணீர் விடும், அதற்கு ஒரு ராத்திரி வேறு கொடுத்திருக்கிறீர்கள். எண்ணெய் இலையின் மெழுகுப் பூச்சைத் தாண்டி உள்ளே இறங்குவதால் இலையும் துவளும். ஆகவே இலை தனி, பழம் தனி, டிரெஸ்ஸிங் தனி டப்பா. வெட்டிய சுளைகளை வடிகட்டியில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், எவ்வளவு சாறு இறங்குகிறது என்று பார்த்தால் அசந்துவிடுவீர்கள். இலையைக் கழுவினால் துணியில் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள், ஈர இலையில் டிரெஸ்ஸிங் ஒட்டவே ஒட்டாது. வெங்காயத்தைக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்து போட்டால் காரம் அடங்கும்.

சாறும் எண்ணெயும் சரிபாதி என்பதும் தப்பு. வழக்கமான கணக்கு எண்ணெய் 3 பங்கு, புளிப்பு 1 பங்கு. ஆரஞ்சுச் சாறுக்குப் புளிப்பு போதாது, அதனால் நான் 1 மேசைக்கரண்டி சாறு, 1 மேசைக்கரண்டி வினிகர், 6 மேசைக்கரண்டி எண்ணெய் என்று போடுவேன். முதலில் சாறு, வினிகர், உப்பு, 1 தேக்கரண்டி கடுகு விழுது, 1 தேக்கரண்டி தேன், இவற்றை உப்பு கரையும்வரை கலக்குங்கள் (எண்ணெயில் உப்பு கரையாது). அப்புறம் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடியுங்கள். கடுகு விழுதுதான் இரண்டையும் பிரியாமல் பிடித்து வைக்கும். ஃப்ரிட்ஜில் உறைந்தால் பயப்பட வேண்டாம், ஆலிவ் எண்ணெய் அப்படித்தான், அரை மணி நேரம் வெளியே வைத்துக் குலுக்கினால் பழையபடி ஆகிவிடும்.

பதில் 5
சாலட் விஷயம் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கொலஸ்ட்ராலுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கிரேப்ஃப்ரூட் வைக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிம்வாஸ்டாடின் போன்ற சில மாத்திரைகள் அந்தப் பழத்தோடு சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும்.

கேட்டவர்
சோதனை முடிந்தது. பதில் 3 சொன்னதுதான். ராத்திரி பிழிந்ததைக் காலையில் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன், முதலில் இனிப்பு, விழுங்கின பிறகு தொண்டையில் மாத்திரையைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு, தண்ணீர் குடித்தும் போகவில்லை. மறுபாதியைப் பிழிந்தேன், நல்ல இனிப்பு. ஒரே பழம்!

அதே சூட்டோடு சாலட்டும் செய்தேன். சாறு அப்போதே பிழிந்தது, இலையும் பழமும் தனித்தனி டப்பா, சாப்பிடும்போதுதான் கலந்தேன். அடியில் ஒரு ஸ்பூன் சாறுகூட நிற்கவில்லை. கடுகு விழுது மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது, அடுத்த முறை அரைத் தேக்கரண்டி.

இரண்டு கேள்வி. காலையில் பிழிய நேரமே இல்லை என்றால்? பழைய டிரெஸ்ஸிங் ஒரு ஜாடி இருக்கிறது, தேன் சேர்த்துத் தேற்றலாமா?

பதில் 3
நேரம் இல்லாத நாளில் சாறே வேண்டாம். வினிகரும் எண்ணெயும் வைத்து ராத்திரியே கலந்து, ஆரஞ்சுத் தோலின் நிறமுள்ள மேல்பகுதியை மட்டும் மெல்லிசாகத் துருவிப் போடுங்கள், வாசனை அதிலிருந்தே வந்துவிடும். வெள்ளை தெரிய ஆரம்பித்தால் கையை நிறுத்திவிடுங்கள். பழத்தை வெட்டுவதற்கு முன் துருவ வேண்டும், வெட்டின பிறகு துருவப் போனால் விரல்தான் துருவப்படும்.

பழைய ஜாடியில் தேன் ஊற்றினால் இனிப்பான கசப்பு கிடைக்கும். கொட்டிவிடுங்கள்.