புதுப்பிப்பு: கோர்ட் மார்ஷல் தண்டனை, உயர் நீதிமன்றம் போகலாமா?

கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றத்தின் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் இடம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அது கைவிட்டால் அடுத்தது உச்ச நீதிமன்றம்தான், உயர் நீதிமன்றக் கதவு மூடியே இருக்கிறது என்று முந்தைய இழையில் அடித்துச் சொல்லியிருந்தேன். தப்பு. உயர் நீதிமன்றம் அந்த வழக்குகளை எடுக்கக் கூடாது என்ற 2015 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு நின்றுவிட்டேன்.

2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்திவிட்டது. தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து, அரசியலமைப்பின் 226வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (உரிமை மீறல், சட்ட மீறலுக்கு எதிரான நேரடி மனு) போடத் தடையில்லை. நான் சறுக்கிய இடம் அதே அரசியலமைப்பின் 227(4): ராணுவத் தீர்ப்பாயங்களை உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையிலிருந்து அது விலக்குகிறது. 226இல் அப்படி ஒரு வரியே கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான் உறைத்தது.

அதற்காக உயர் நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து விசாரிக்கும் என்று நினைக்க வேண்டாம். சாட்சியங்களை அலசுவது, தண்டனையைக் குறைப்பது எல்லாம் தீர்ப்பாயத்தின் வேலை. ஒரு முன்னாள் நீதிபதியும் ஒரு முன்னாள் ராணுவ அதிகாரியும் உட்காரும் அமர்வு அது. அதனால் அதை ராணுவம் சாராத மன்றம் என்று முழுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோர்ட் மார்ஷலில் தண்டனை பெற்ற மச்சான் எங்கே போகலாம் என்று கேட்ட நண்பருக்கு: சென்னையிலேயே தீர்ப்பாய அமர்வு இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். அங்கே தோற்றாலும் உடனே டெல்லிக்கு டிக்கெட் போட வேண்டாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யப் பொது முக்கியத்துவமுள்ள சட்டக் கேள்வி வேண்டும். சாதாரண சிப்பாயின் வழக்கில் அது எங்கே கிடைக்கும்?